8.95-க்கு முந்தைய சிவப்புக் கொடி

லாங் ஜம்ப்பில் அமெரிக்காவின் மைக் பவல் உலக சாதனையாகத் தாண்டிய 8.95 மீட்டரை யூடியூபில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் அதைவிட அதிகமாக நான் பார்த்தது அதே போட்டியில் அதற்கு முந்தைய சுற்றில் அவர் தாண்டியதை. முடிவுப் பட்டியலில் அந்த இடத்தில் தூரம் எதுவும் இருக்காது. ஒரு பெருக்கல் குறி மட்டும் இருக்கும். ஃபவுல்.

லாங் ஜம்ப் தாண்டியவர்களுக்குத்தான் அந்தப் பெருக்கல் குறியின் அருமை தெரியும் என்று நினைக்கிறேன். பார்ப்பவருக்கு அது ஒரு பூஜ்யம். தாண்டியவனுக்கு அப்படியில்லை. மணலில் எங்கே விழுந்தோம் என்பது அவன் உடம்புக்குத் தெரியும். காலில் தூரம் இருக்கிறது, பலகையில் கால் பட்ட இடம்தான் தப்பு என்பதும் தெரியும். 1991 ஆகஸ்ட் 30 அன்று டோக்கியோ உலகத் தடகளப் போட்டியில் நடந்ததை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

அது வெள்ளிக்கிழமை. நான் தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் பி.டி. சார் திங்கட்கிழமை காலை இங்கிலீஷ் பேப்பரில் இருந்து கத்தரித்த ஒரு துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பிரேயர் முடிந்ததும் லாங் ஜம்ப் பையன்கள் நாலு பேரையும் குழிக்குக் கூட்டிப் போனார். டேப்பின் ஒரு முனையைப் பலகையில் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்தார். எங்கள் மணல் குழி பலகையில் இருந்து எட்டு மீட்டருக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் தாண்ட அந்தப் பள்ளியில் யாரும் பிறக்கப்போவதில்லை என்று கட்டியவர்கள் நினைத்திருக்கலாம். சார் மணலைக் கடந்து, ஓரத்துச் செங்கல் வரிசையைக் கடந்து, புல்லில் இறங்கி, வேப்பமரத்து வேர் பக்கத்தில் போய் நின்றார். குனிந்து சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டார்.

"ஒருத்தன் இங்கிருந்து அங்க தாண்டிருக்கான்ல" என்றார். அவ்வளவுதான். எங்களில் யாரும் பேசவில்லை. என்னுடைய அப்போதைய பெஸ்ட் 6.12. பலகையில் நின்று அந்தக் கோட்டைப் பார்த்தபோது, அது தாண்டுகிற தூரமாகவே தெரியவில்லை. நடந்து போகிற தூரமாகத்தான் தெரிந்தது.

இதன் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவின் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். அதற்கு முன்பு உலக சாதனை 8.35. சென்டிமீட்டர் சென்டிமீட்டராக ஏறிக்கொண்டிருந்த ஒரு சாதனையை ஒரே தாண்டலில் 55 சென்டிமீட்டர் தூக்கி வைத்தார். தூரம் அளக்க வைத்திருந்த கருவி அந்த இடம் வரை எட்டாமல், கடைசியில் டேப் கொண்டுவந்துதான் அளந்தார்கள். மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்தில் இருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்று மெல்லியது. பின்காற்றும் அனுமதித்த வரம்பான விநாடிக்கு 2.0 மீட்டரில் சரியாக நின்றது. எல்லாம் கூடிவந்த ஒரு மதியம். அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக அந்த எண்ணை யாராலும் அசைக்க முடியவில்லை. 1987-ல் சோவியத் யூனியனின் ராபர்ட் எம்மியான் 8.86 வரை வந்தார். அதுவும் ஆர்மீனியாவில் ஒரு மலை ஊரில். டோக்கியோ போட்டி தொடங்கும்வரை, காற்று வரம்புக்குள் 8.80-ஐத் தாண்டியவர்கள் உலகத்திலேயே இந்த இரண்டு பேர்தான், இரண்டுமே உயரமான இடங்கள்.

அந்த எண்ணை உடைக்கப்போவது கார்ல் லூயிஸ்தான் என்று பத்து வருடமாக எல்லோரும் காத்திருந்தார்கள். 1981-ல் இருந்து லாங் ஜம்ப்பில் அவர் தோற்றதே இல்லை. தொடர்ந்து 65 போட்டிகளில் வெற்றி. 1984-லும் 1988-லும் ஒலிம்பிக் தங்கம். டோக்கியோவில் லாங் ஜம்ப்புக்கு ஐந்து நாள் முன்புதான் 100 மீட்டரை 9.86 விநாடியில் ஓடி உலக சாதனை வேறு வைத்திருந்தார். அந்த வேகத்தோடு பலகைக்கு வரும் ஒருவரை யார் தடுப்பது?

பவல் அப்படிப்பட்ட பெயர் இல்லை. லூயிஸோடு பதினைந்து முறை மோதி பதினைந்திலும் தோற்றவர். சியோல் ஒலிம்பிக்ஸில் லூயிஸ் 8.72, இவர் 8.49, வெள்ளி. 1991 ஜூனில் நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டியில் லூயிஸ் 8.64, இவர் 8.63. ஒரே ஒரு சென்டிமீட்டர். பள்ளி நாட்களில் உயரம் தாண்டியவர் என்பதால் பலகையில் இருந்து மேலே எழும்புகிற வலு அவரிடம் நிறைய இருந்தது. ஃபவுல் போடுகிற பழக்கமும் இருந்தது. வேகமாக வருவார், பலகையில் கால் நிற்காது. காற்று வரம்புக்குள் அவருடைய பெஸ்ட் அதுவரை 8.66.

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. 20 சென்டிமீட்டர் அகலம். அப்போது மணல் பக்கத்து விளிம்பை ஒட்டி, களிமண் போல மெத்தென்ற பிளாஸ்டிசின் பட்டை ஒன்று இருந்தது, ஷூ முனை அதில் பதிந்தால் சிவப்புக் கொடி. தூரம் அளப்பது கால் பட்ட இடத்தில் இருந்து இல்லை, அந்த விளிம்பில் இருந்து. பத்து சென்டிமீட்டர் முன்னதாகக் காலை வைத்தால் அந்தப் பத்தும் போச்சு, யாரும் திருப்பித் தர மாட்டார்கள். கொஞ்சம் அதிகம் வைத்தால் எல்லாமே போச்சு. நாற்பது மீட்டருக்கு மேல் முழு வேகத்தில் ஓடி வந்து, கண் குனியாமல் அந்த விளிம்பைத் தொட வேண்டும். தரையில் காலைப் பார்த்தால் வேகம் செத்துவிடும். அதனால் ஓட்டம் தொடங்குகிற இடத்தில் அடி அளந்து வைத்த மார்க்கை நம்பித்தான் ஓட முடியும். அந்த மார்க்கோ நேற்றைய காலுக்கும் நேற்றைய காற்றுக்கும் வைத்தது.

டோக்கியோவில் அன்று மாலை புழுக்கம். புயல் ஒன்று நெருங்கிக்கொண்டிருந்த சமயம், மைதானத்தில் காற்று ஒரு நிலையில் இல்லை. பவல் முதல் சுற்றில் 7.85. அவர் நிலையில் இருப்பவருக்கு அது ஒரு தடுமாற்றம். லூயிஸ் எடுத்த எடுப்பிலேயே 8.68. அங்கேயே போட்டி முடிந்துவிட்டது என்று பலர் நினைத்திருப்பார்கள். பவல் இரண்டாவதில் 8.54, மூன்றாவதில் 8.29. லூயிஸ் இரண்டாவதில் ஃபவுல், மூன்றாவதில் 8.83. ஆனால் பின்காற்று 2.3. தூரம் போட்டிக்குச் செல்லும், சாதனைக்குச் செல்லாது.

நான்காவது சுற்று. பவல் ஓடி வந்து எழும்புகிறார். காற்றில் கால்களை நடப்பதுபோல மாற்றி, இழுத்து முன்னால் போட்டு மணலில் விழுகிறார். விழுந்த இடம் எங்கே என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, அதுவரை அன்று அவர் விழாத இடம். எழுந்து திரும்பிப் பார்த்தால் சிவப்புக் கொடி. அவர் பலகைக்கு வந்து குனிந்து பிளாஸ்டிசினைப் பார்க்கிறார். மயிரிழை. ஃபவுலை அளப்பதில்லை என்பதால் அது எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. மணலை இழுத்துச் சமப்படுத்தி அடுத்தவருக்குத் தயார் செய்துவிட்டார்கள்.

அந்த அடுத்தது லூயிஸ். 8.91. அதுவரை மனிதர் யாரும் தாண்டாத தூரம், பீமனைவிட ஒரு சென்டிமீட்டர் கூட. ஆனால் காற்று 2.9. உலக சாதனை இல்லை. தங்கத்துக்கு மட்டும் அது செல்லும். லூயிஸ் முகத்தில் போட்டி கையில் வந்துவிட்ட ஒரு நிறைவு. நியாயம்தான்.

இப்போது பவலின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஜெயிக்க வேண்டும் என்றால் 8.92 வேண்டும். சாதாரணமாக அவருக்கு அது இருபத்தாறு சென்டிமீட்டர் கூடுதல். பதினைந்து முறை தோற்ற அதே ஆளிடம், உலகத்தில் யாரும் பதிவு செய்யாத தூரத்தைக் கேட்டது அந்தச் சுற்று. என் மனதுக்குப் படுவது இதுதான்: அந்த ஃபவுல் இல்லாமல் இருந்திருந்தால், 8.91-ஐப் பார்த்ததும் அவர் உடைந்திருப்பார். ஒரு ஆளின் கையில் 8.54 மட்டும் இருந்து, எதிராளி 8.91 போட்டால், ஐந்தாவது தாண்டலை அவன் ஒப்புக்குத்தான் தாண்டுவான். ஆனால் பவல் கையில் 8.54 மட்டும் இல்லை. யாரும் அளக்காத ஒன்று, அவருக்கு மட்டும் எவ்வளவு என்று தெரிந்த ஒன்று, காலில் இருந்தது. இனித் தேட வேண்டியது தூரத்தை இல்லை, பலகையை.

ஐந்தாவது சுற்றில் பலகை கிடைத்தது. ஓட்டத்தில் அவசரம் இல்லை. கடைசி இரண்டு அடியில் இடுப்பைச் சற்றே தாழ்த்தி, பலகையில் காலை வைத்து மேலே எழும்புகிறார். கால் பலகையில் இருப்பது விநாடியில் எட்டில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். லூயிஸ் தாண்டும்போது கிடைமட்டமாகப் போவார், வேகம் அவரை இழுத்துப் போகும். பவல் ஏறுகிறார். அந்த உயரம்தான் முதல் பார்வையிலேயே கண்ணில் படும். விழுந்ததும் மணலைவிட்டு எழுந்து, முதலில் தூரத்தைப் பார்க்கவில்லை, பலகைப் பக்கம்தான் பார்த்தார். வெள்ளைக் கொடி. அப்புறம் போர்டில் 8.95. காற்று 0.3. அதாவது ஏறக்குறைய காற்றே இல்லை. கடல் மட்டத்து ஊர். பீமனுக்குக் கிடைத்த எதுவும் இவருக்குக் கிடைக்கவில்லை. லூயிஸுக்கு அடித்த 2.9 இவர் முறைக்குப் படுத்துவிட்டது, அதுவும் சேர்ந்துதான் நடந்தது இது.

லூயிஸுக்கு இன்னும் இரண்டு வாய்ப்பு இருந்தது. இந்த இடத்தில் லூயிஸைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது பெரிய அநியாயம். ஐந்தாவதில், லேசான எதிர்க்காற்றில், 8.87. ஆறாவதில் 8.84. மூன்றாவது சுற்றில் இருந்து கடைசி வரை நாலு தாண்டல், நாலும் 8.80-க்கு மேல். ஒரே மாலையில். லாங் ஜம்ப் வரலாற்றில் ஒரு மனிதன் தாண்டிய மிகச் சிறந்த வரிசை அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த 8.87 இன்றுவரை உலகப் பட்டியலில் மூன்றாவது தூரம், அவருடைய வாழ்நாள் பெஸ்ட். அதைத் தாண்டிய நாளில்தான் பத்து வருடத்தில் முதல் தோல்வி. "அகங்காரம் பிடித்த லூயிஸைப் பவல் வீழ்த்தினார்" என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த மாலை லூயிஸ் எதிலும் குறை வைக்கவில்லை. ஆறு தாண்டலின் சராசரிக்குத் தங்கம் கொடுத்தால் அது அவருக்குத்தான். இந்த விளையாட்டு ஒரே ஒரு தாண்டலுக்குக் கொடுக்கிறது. இரண்டு நாள் கழித்து 4x100 ரிலேயில் கடைசி ஆளாக ஓடி, 37.50 விநாடியில் உலக சாதனையோடு முடித்தார். தோல்வியோடு ஊர் திரும்பியவர் இல்லை அவர்.

பவலுக்கும் அதற்குப் பிறகு எல்லாம் பூப்பாதை இல்லை. அடுத்த வருடம் பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் லூயிஸ் முதல் சுற்றிலேயே 8.67. பவல் கடைசித் தாண்டலில் 8.64. மூன்று சென்டிமீட்டர். மறுபடி வெள்ளி. உலக சாதனை வைத்திருக்கும் அந்த மனிதருக்கு ஒலிம்பிக் தங்கம் கடைசி வரை கிடைக்கவே இல்லை. 1996 அட்லாண்டாவில் தொடை இடுக்கில் அடிபட்டு, கடைசித் தாண்டலில் வலியோடு மணலிலேயே விழுந்து கிடந்தார். அதைப் பார்க்கும் மனம் எனக்கு இன்றும் வரவில்லை, அந்த வீடியோவை ஒரு முறைக்கு மேல் போட்டதில்லை.

அவர் கை நம் பக்கமும் நீண்டது. அஞ்சு பாபி ஜார்ஜ் 2003 பாரிஸ் உலகப் போட்டிக்கு முன்பு அமெரிக்கா போய் பவலிடம்தான் பயிற்சி எடுத்தார். 6.70 தாண்டி வெண்கலம், உலகத் தடகளப் போட்டியில் இந்தியாவின் முதல் பதக்கம். பவலின் பயிற்சியாளர் ராண்டி ஹண்டிங்டன் பிற்பாடு சீனா போனார். அவர் பயிற்றுவித்த வாங் ஜியானன் 2022-ல் அமெரிக்காவின் யூஜினில் கடைசிச் சுற்றில் 8.36 தாண்டி உலகச் சாம்பியன் ஆனார். கடைசிச் சுற்றுகளில் ஏதோ மிச்சம் வைத்திருப்பது அந்தப் பயிற்சிப் பள்ளியின் வழக்கம் போலிருக்கிறது.

2025 செப்டம்பரில் உலகப் போட்டி மறுபடி டோக்கியோவுக்கு வந்தது. பழைய ஸ்டேடியத்தை இடித்து அதே இடத்தில் கட்டிய புதிய ஸ்டேடியம். தங்கம் வென்றவர் இத்தாலியின் மத்தியா ஃபுர்லானி, இருபது வயதுப் பையன், 8.39. முப்பத்து நாலு வருடத்துக்கு முன்பு அதே இடத்தில் வெண்கலத்துக்கே லாரி மைரிக்ஸ் 8.42 தாண்ட வேண்டியிருந்தது. 1991-க்குப் பிறகு காற்று வரம்புக்குள் 8.80-ஐ யாருமே தொடவில்லை. வேகம் இருக்கும் பையன்கள் 100 மீட்டருக்குப் போய்விடுகிறார்கள், இரண்டையும் சேர்த்துச் செய்ய லூயிஸ் போல இன்னொருவர் வரவில்லை என்பது என் எண்ணம்.

அந்த 8.42-ல் எனக்கு ஒரு தனி ஒட்டுதல் உண்டு. 2023 மார்ச்சில் பெல்லாரியில் ஜெஸ்வின் ஆல்ட்ரின் தேசிய சாதனையாகத் தாண்டியதும் சரியாக 8.42. தூத்துக்குடி மாவட்டம் முதலூர்ப் பையன். அதே வருடம் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் பன்னிரண்டாவது ஆளாக இறுதிச் சுற்றுக்கு நுழைந்து பதினொன்றாவதாக முடித்தார். எங்கள் தெற்கத்தி மண்ணில் ஓடிப் பழகிய ஒரு பையன், பவலும் லூயிஸும் மோதிய மாலையில் நின்றிருந்தால் பதக்க மேடைக்குப் பக்கத்தில் இருக்கிற தூரத்தைத் தாண்டியிருக்கிறான். எங்கள் குழியின் செங்கல் வரிசையைக் கடந்து புல்லில் விழுகிற தூரம் அது.

1991-க்கே திரும்பிப் போகிறேன். சார் கோடு போட்டு இரண்டு வாரம் கழித்து பாளையங்கோட்டையில் மாவட்டப் போட்டி. எங்கள் பள்ளியில் ஓடுபாதை மேற்கு நோக்கி இருக்கும். ஆடி தொடங்கிப் புரட்டாசி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். அதை எதிர்த்து ஓடி ஓடித்தான் என் மார்க் அமைந்திருந்தது. போட்டி நடந்த மைதானத்தில் பாதை எதிர்த் திசை. காற்று முதுகில். முதல் தாண்டலில் ஸ்டெப் அரையடி முன்னால் போய் விழுந்தது. ஃபவுல். இரண்டாவதில் பயந்து, ஓட்டத்தின் நடுவில் ஸ்டெப்பைக் குறுக்கிப் பார்த்தேன். அதுவும் ஃபவுல். மூன்றாவதில் எதையும் யோசிக்காமல் ஓடினேன். கால் பலகையில் நன்றாக அடித்தது, ஷூவுக்கு அடியில் அந்தச் சத்தம் 'டப்' என்று கேட்டது. காற்றில் இருக்கும்போதே இது வேறு என்று தெரிந்தது. மணலில் உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்தேன், நடுவர் சிவப்பைத் தூக்கியிருந்தார். சரியான தீர்ப்புதான். என் ஷூ நுனி இரண்டு விரல் அளவு வெளியே போயிருந்தது. பட்டியலில் என் பெயருக்கு நேராக மூன்று பெருக்கல் குறி.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். ஆலங்குளம் வரை சார் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பக்கத்து சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"மூணாவது எங்க விழுந்த, தெரியுமால?"

"தெரியாது சார்."

"குழி ஓரமாத்தான் நின்னேன். விழுந்த இடத்துக்கு நேரா செருப்பால ஒரு கோடு கிழிச்சு வச்சேன். எல்லாரும் போன பொறவு அளந்தேன். ஆறு நாப்பத்தஞ்சு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையில் இருந்து அந்தப் பேப்பர் துண்டை எடுத்தார், இரண்டு வாரத்தில் மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. பவல் பெயருக்கு நேராக ஆறு சுற்றும் சின்ன எழுத்தில் வரிசையாக இருந்தன. நாலாவதின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, துண்டை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழிக்கு வரச் சொல்லியிருந்தார். நான் போகும்போது அவர் ஏற்கெனவே ஓடுபாதையில் நின்றிருந்தார். என் பழைய மார்க்கில் எப்போதும் இருக்கிற செங்கல் துண்டு அப்படியே இருந்தது. அதற்கு ஒன்றரைச் செருப்பு அளவு பின்னால் இன்னொரு செங்கல் துண்டைப் பதித்துக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

"காத்து மூஞ்சில அடிச்சா அது" என்றார். "முதுகுல அடிச்சா இது. ஓடு, பாப்போம்."